ஆறு வாரத்தில் வீழ்ந்த பிரான்ஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, 1940இல் ஜெர்மனியைவிட பிரான்சிடம்தான் டாங்கிகள் அதிகம் இருந்தன என்று போகிற போக்கில் எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியை மறுத்தும் விளக்கம் கேட்டும் கடிதங்கள் வந்து குவிந்ததால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கே: டாங்கிகள் அதிகம் இருந்தும் ஆறே வாரத்தில் தோற்றார்கள் என்பது நம்பும்படியாக இல்லையே. கணக்கைச் சரிபார்த்துத்தான் எழுதினீர்களா?
– வாசகர், ராஜபாளையம்

ப: கணக்கு சரிதான். 1940 மே 10 அன்று மேற்கு முனையில் ஜெர்மனி இறக்கிய டாங்கிகள் ஏறத்தாழ 2,400. வடகிழக்கு எல்லையில் பிரான்ஸ் நிறுத்தியிருந்தவை 3,200 அளவில் இருந்தன. தரத்திலும் பிரான்ஸ் பின்தங்கியிருக்கவில்லை. ஜெர்மன் டாங்கிகளில் பாதிக்கு மேற்பட்டவை, இயந்திரத் துப்பாக்கி மட்டுமே பூட்டிய முதல் வகையையும் 20 மி.மீ. சிறு பீரங்கி கொண்ட இரண்டாம் வகையையும் சேர்ந்த இலகு வண்டிகள். பிரான்சின் ‘பி1’ டாங்கிக்கோ 60 மி.மீ. கவசமும் இரண்டு பீரங்கிகளும் இருந்தன. மே 16 அன்று ஸ்டோன் என்ற குன்றுக் கிராமத்தில் கேப்டன் பியேர் பியோத் தம் பி1 டாங்கியோடு தனியாக எதிரிகளின் வரிசைக்குள் நுழைந்து 13 ஜெர்மன் டாங்கிகளைச் சிதைத்துவிட்டுத் திரும்பினார். பிறகு எண்ணிப் பார்த்தபோது வண்டியின் மேல் 140 குண்டடித் தழும்புகள் இருந்தன. ஒரு குண்டுகூடக் கவசத்தைத் துளைத்திருக்கவில்லை.

ஆனால் அதே டாங்கியின் மேல்கூண்டில் ஒருவர் மட்டுமே அமர முடியும். வண்டியின் தலைவரே எதிரியைத் தேட வேண்டும், அவரே குண்டை நிரப்ப வேண்டும், அவரே குறிபார்த்துச் சுட வேண்டும். பல பிரெஞ்சு டாங்கிகளில் வயர்லெஸ் கருவியே இல்லை. ஜெர்மானியரின் டாங்கிகள் மெலிந்தவையாக இருந்தாலும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. தாக்குதலின் நடுவிலேயே திசை மாற அவற்றால் முடிந்தது. இதைவிடப் பெரிய வேறுபாடு, வண்டிகளை எங்கே வைத்தார்கள் என்பது. ஜெர்மனி தன் டாங்கிகள் அனைத்தையும் 10 பான்சர் (கவச வண்டி) டிவிஷன்களில் குவித்தது. பிரான்சோ 1,000க்கும் மேற்பட்ட டாங்கிகளைக் காலாட்படைக்குத் துணையாகச் சிறு சிறு பட்டாளங்களாகப் பிரித்துக் கொடுத்திருந்தது. அதன் கனரக டாங்கி டிவிஷன்களில் முதலாவது உருவானதே 1940 ஜனவரியில்தான். டி கோல் தலைமையேற்ற நான்காவது டிவிஷன், போர் தொடங்கிய பிறகும் முழுதாகச் சேர்ந்திருக்கவில்லை. முதலாம் டிவிஷனை மே 15 அன்று ஃபிளாவியோன் அருகே எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்த நிலையில் ஜெர்மன் தளபதி ரோமெலின் டாங்கிகள் கண்டன. பி1 டாங்கி எரிபொருளை ஏராளமாகக் குடிக்கும் வண்டி. பெட்ரோல் லாரிகளோ நெடுநேரம் தாமதமாகவே வந்து சேர்ந்தன.

கே: மாஜினோ அரண் வரிசைக்குக் கோடி கோடியாகக் கொட்டிய பணம் வீண்தானே?
– வாசகர், திருவண்ணாமலை

ப: வீண் என்பது பொதுவாகச் சொல்லப்படும் தீர்ப்பு, எமக்கு அதில் உடன்பாடில்லை. ஜெர்மனி நேராக எல்லையோர அல்சாஸ், லொரேன் பகுதிகளுக்குள் நுழையாமல் தடுப்பதே அந்த அரணின் வேலை. ஜெர்மானியர் அங்கே பெருந்தாக்குதலுக்குத் துணியாமல் சுற்று வழி தேடியதே அந்த வேலை நிறைவேறியதற்குச் சான்று. அரணின் பெரிய கோட்டைகளில் பெரும்பாலானவை போர்நிறுத்தம் வரை பணியவில்லை. சில கோட்டைகளின் வீரர்கள் அதற்குப் பிறகும் மேலிடத்து ஆணை வந்து சேரும் வரை ஆயுதத்தைக் கீழே வைக்கவில்லை. அரணைப் பெல்ஜிய எல்லை நெடுக நீட்டாததற்கும் காரணம் உண்டு. 1936 வரை பெல்ஜியம் நட்பு நாடு. நட்பு நாட்டுக்கும் தனக்கும் நடுவே சுவர் எழுப்பினால், படையெடுப்பு வரும்போது உன்னைக் கைவிடுவோம் என்று சொல்வதாகிவிடும். அந்த ஆண்டு பெல்ஜியம் நடுநிலைக்குத் திரும்பியபோது, பணமும் காலமும் பிரான்சிடம் குறைந்துபோயிருந்தன.

கே: ஆர்டென் காட்டு வழியாகப் பெரும்படை வர முடியாது என்று எல்லோருமே நம்பினார்களா? ஒருவருக்குக்கூடவா சந்தேகம் எழவில்லை?
– வாசகர், கோவில்பட்டி

ப: சந்தேகம் எழுந்தது; எழுப்பியவரின் பேச்சு எடுபடவில்லை. 1938இல் ஜெனரல் பிரெத்தலா வரைபடத்தின் மேல் நடத்திய போர்ப்பயிற்சி ஒன்று, ஜெர்மானியர் அந்தக் காட்டைக் கடந்து 60 மணி நேரத்தில் மியூஸ் ஆற்றை அடைந்துவிட முடியும் என்று கணித்தது. இரண்டு ஆண்டு கழித்து அவர்கள் உண்மையில் எடுத்துக்கொண்ட நேரம் 57 மணி. ஆனால் தலைமைத் தளபதி கமெலினுக்கு அந்தக் கணிப்பு அளவுக்கு மீறிய அவநம்பிக்கையாகவே தோன்றியது. 1934இல் போர் அமைச்சராக இருந்த மார்ஷல் பெத்தேன், தக்க ஏற்பாடுகள் செய்தால் ஆர்டென் காட்டை ஊடுருவ முடியாது என்று செனட் குழுவிடம் சொல்லியிருந்தார். நாளடைவில் ‘தக்க ஏற்பாடுகள் செய்தால்’ என்ற நிபந்தனை மறந்துபோய், ‘ஊடுருவ முடியாது’ என்பது மட்டும் நிலைத்துவிட்டது.

ஜெர்மனியின் முதல் திட்டமும் ஆர்டென்னை முதன்மையாகக் கருதவில்லை. 1914இல் போலவே பெல்ஜியச் சமவெளி வழியாக வருவதே அதன் சாரம். 1940 ஜனவரி 10 அன்று அந்தத் திட்டத்தின் தாள்களோடு பறந்த ஜெர்மன் அதிகாரி ஒருவரின் விமானம் வழி தவறிப் பெல்ஜியத்தின் மெக்லென் அருகே இறங்கியது. தாள்களை எரிக்க முயன்றும் ஒரு பகுதி பெல்ஜியர் கையில் சிக்கிவிட்டது. அப்போது ஜெர்மன் தளபதி ருண்ட்ஸ்டெட்டின் படைத்தொகுதியில் இருந்த மான்ஸ்டைன், முதன்மைத் தாக்குதலை ஆர்டென் வழியாகத் திருப்ப வேண்டும் என்று பல மாதங்களாக வற்புறுத்திவந்தார். பிப்ரவரி 17 அன்று ஹிட்லரை நேரில் கண்டு அவர் அதை விளக்கினார், ஹிட்லருக்குப் பிடித்துப்போயிற்று. முதலில் எதிர்த்த தலைமைத் தளவாய் ஹால்டர், மனம் மாறிய பிறகு, 10 பான்சர் டிவிஷன்களில் ஏழு டிவிஷன்களை அந்தக் காட்டு வழிக்கே ஒதுக்கினார். ஜெர்மன் தளபதிகளில் பலர் இதைப் பைத்தியக்காரத்தனம் என்றே கருதினார்கள்.

அவர்கள் அப்படிக் கருதியதில் தவறில்லை என்றே சொல்வோம். க்ளைஸ்ட்டின் தலைமையில் சென்ற பான்சர் தொகுதியில் மட்டும் 41,000 வண்டிகள் இருந்தன. நான்கே சாலைகளில் அவற்றை நுழைக்கப் பார்த்ததில், ரைன் ஆறு வரை சுமார் 250 கி.மீ. நீளத்துக்கு நெரிசல் ஏற்பட்டது. விளக்குகளை எரியவிட்டபடி நீண்ட வரிசைகள் வருவதைப் பிரெஞ்சு உளவு விமானிகள் இரவில் கண்டு தெரிவித்தார்கள். மூன்று நாள் கிட்டத்தட்ட அசையாமல் நின்ற அந்த வரிசையின் மேல் நேச நாடுகளின் குண்டுவீச்சு விமானங்கள் திரண்டு வந்திருந்தால் வரலாறு வேறு விதமாகப் போயிருக்கக்கூடும். விமானங்களோ வடக்கே பெல்ஜியத்தில் மும்முரமாக இருந்தன. ஏனெனில், தாக்குதல் அங்கேதான் வரும் என்பது கமெலினின் முடிவு. அதற்கும் மேலாக, ரேம்ஸ் அருகே கையிருப்பாக நின்றிருக்க வேண்டிய ழிரோவின் ஏழாம் படையை, நெதர்லாந்துக்குக் கைகொடுப்பதற்காக மார்ச்சிலேயே பிரேடா நகரை நோக்கிய இடக்கோடி ஓட்டத்துக்கு ஒதுக்கியிருந்தார். போர்முனைத் தளபதி ஜெனரல் ஜார்ஜ் ஆட்சேபித்தும் பயனில்லை. எம்முடைய கணிப்பில், போர் தொடங்குவதற்கு முன்பே செய்யப்பட்ட தவறுகளில் இதற்கு இணையானது இல்லை: நாட்டின் மிக வேகமான படைகளில் ஒன்று, தேவைப்படும் இடத்திலிருந்து மிகத் தொலைவில் நிறுத்தப்பட்டுவிட்டது.

கே: செதானில் நடந்ததைச் சற்று விரிவாக எழுதுங்கள். ஒரே நாளில் ஒரு நாட்டின் தலைவிதி முடிவாகிவிடுமா?
– வாசகர், மட்டக்களப்பு

ப: ஒரே நாள் என்பது சற்றே மிகை, மே 13 பிற்பகல் முதல் மே 15 மாலை வரை என்றால் ஒப்புக்கொள்ளலாம்.

ஆர்டென் காட்டைக் கடந்ததும் வரும் பிரெஞ்சு நகரமான செதானில் மியூஸ் ஆற்றங்கரையைக் காத்துநின்றது 55ஆம் காலாட்படை டிவிஷன். நடுத்தர வயதை எட்டிய ரிசர்வ் வீரர்கள், போதாத பயிற்சி, முடிவடையாத பதுங்கு குழிகள். ஜெனரல் ஹன்ட்சிகரின் இரண்டாம் படையில் இது ஓர் அங்கம். ஜெர்மானியர் ஆற்றங்கரைக்கு வந்தாலும், கனரகப் பீரங்கிகளைக் கொண்டுவந்து குண்டுகளைச் சேர்த்து ஆற்றைக் கடக்க இன்னும் பல நாள் ஆகும் என்பது பிரெஞ்சுத் தலைமையின் கணக்கு. முதல் உலகப் போரில் அப்படித்தான் நடந்திருந்தது. ஜெர்மன் பான்சர் தளபதி குடேரியன் பீரங்கிகளுக்காகக் காத்திருக்கவில்லை. அவற்றின் வேலையை விமானங்களுக்குக் கொடுத்தார். மே 13 காலையில் தொடங்கிய குண்டுவீச்சு, பிற்பகலில் உச்சத்தை எட்டி மணிக்கணக்கில் ஓயாமல் தொடர்ந்தது. ஸ்டூகா விமானங்கள் அலறிக்கொண்டு செங்குத்தாகப் பாய்ந்தபோது இறந்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை. ஆனால் தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன, பீரங்கிக்காரர்கள் குழியை விட்டுத் தலைதூக்கவில்லை. பிற்பகலில் ஜெர்மன் காலாட்படையும் பொறியாளர்களும் ரப்பர் படகுகளில் ஆற்றைக் கடக்கத் தொடங்கினார்கள்.

அன்று மாலை செதானுக்குத் தெற்கே பூல்சோன் கிராமத்தில், ஜெர்மன் டாங்கிகள் வந்துவிட்டன என்று யாரோ சொன்ன செய்தி தீயாய்ப் பரவியது. பீரங்கிக்காரர்கள் பீரங்கிகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள்; சில மணி நேரத்தில் 55ஆம் டிவிஷன் கலைந்தது. அந்த நேரத்தில் ஒரு ஜெர்மன் டாங்கிகூட ஆற்றைக் கடந்திருக்கவில்லை. கோலியே என்ற இடத்தில் மிதவைப் பாலம் தயாராகி முதல் டாங்கி இக்கரைக்கு வந்தது நள்ளிரவுக்குப் பிறகுதான். அதற்குள் எதிர்த்தாக்குதல் நடத்த டிவிஷன் தளபதி லாஃபோந்தேனிடம் இரண்டு இலகு டாங்கிப் பட்டாளங்கள் இருந்தன. ஆணைகள் எழுதப்பட்டன, திருத்தப்பட்டன. ஓடிவருவோரின் கூட்டத்தில் சாலைகள் அடைபட்டன. தாக்குதல் புறப்பட்டபோது மறுநாள் காலை ஏழு மணியைக் கடந்துவிட்டது. எதிரே ஜெர்மன் டாங்கிகள் நின்றன. இரவிலேயே அது புறப்பட்டிருந்தால், கனரக ஆயுதம் இல்லாத ஜெர்மன் காலாட்படையை மட்டுமே எதிர்கொண்டிருக்கும். மே 14 அன்று அந்தப் பாலத்தைத் தகர்க்கச் சென்ற 71 பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களில் 40 திரும்பவில்லை, பாலத்துக்குச் சேதமில்லை. அதே நாள் வந்துசேர்ந்த மூன்றாம் டாங்கி டிவிஷனைக் கொண்டு தாக்குவதற்குப் பதிலாக, ஜெனரல் ஃபிளவினி அதை 20 கி.மீ. நீள முனையில் சாலைக்குச் சில வண்டிகளாகப் பரப்பிக் காவலுக்கு நிறுத்தினார்.

மேலிடத்தின் நிலை இதற்குச் சளைத்ததாக இல்லை. கமெலினின் தலைமையகமான வென்சேன் கோட்டையில் வயர்லெஸ் நிலையமே கிடையாது. போர்முனைத் தளபதி ஜார்ஜின் தலைமையகம் பாரிசுக்குக் கிழக்கே வேறோர் ஊரில். செய்திகளைப் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் தூதர்கள் சுமந்தார்கள். மே 14 அதிகாலையில் ஜார்ஜின் அறைக்குள் நுழைந்த அதிகாரிகள், செதானில் முனை உடைந்துவிட்டது என்று அவர் சொல்லிவிட்டு நாற்காலியில் சரிந்து அழுததைக் கண்டார்கள். மறுநாள் காலையில் பிரதமர் ரெய்னோ சர்ச்சிலைத் தொலைபேசியில் எழுப்பி, நாங்கள் தோற்றுவிட்டோம் என்றார். மே 16 அன்று பாரிசுக்குப் பறந்துவந்த சர்ச்சில், உங்கள் கையிருப்புப் படை எங்கே என்று கேட்டார். கமெலினின் பதில்: ஒன்றுமில்லை. அந்த அறையின் சன்னல் வழியாக, வெளியுறவு அமைச்சகத்தின் முற்றத்தில் கோப்புகளை வண்டி வண்டியாகக் கொட்டி எரித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பிரேடாவுக்குப் போன ஏழாம் படையை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

மே 20 அன்று குடேரியனின் டாங்கிகள் அபெவீல் வழியாகக் கடலை அடைந்தன. பெல்ஜியத்தில் இருந்த பிரெஞ்சு, பிரிட்டிஷ், பெல்ஜியப் படைகள் அனைத்தும் வலைக்குள் விழுந்தன.

கே: அப்படியானால் ஜெர்மானியர் எல்லாவற்றையும் திட்டமிட்டபடி நடத்தி முடித்தார்கள் என்று சொல்லலாமா?
– வாசகர், சிதம்பரம்

ப: சொல்ல முடியாது. மியூஸைக் கடந்த பிறகு என்ன என்பதில் ஜெர்மன் தலைமையே தெளிவாக இல்லை. நீண்டு செல்லும் வரிசையின் இடுப்பில் பிரெஞ்சுக்காரர்கள் அடிப்பார்கள் என்று ஹிட்லரும் ருண்ட்ஸ்டெட்டும் அஞ்சினார்கள். நிற்கச் சொன்ன க்ளைஸ்ட்டோடு மே 17 அன்று சண்டையிட்ட குடேரியன் பதவி விலகுவதாக அறிவித்தார். உளவு பார்க்க மட்டும் முன்னேறலாம் என்று சமாதானம் செய்யப்பட்டதும், அந்த உளவையே முழுத் தாக்குதலாக நடத்தினார். மேலதிகாரிகள் வயர்லெஸ்ஸில் ஒட்டுக்கேட்காதிருக்கத் தம் முன்னணித் தளத்துக்குக் கம்பி இழுக்கவும் செய்தார். மே 24 அன்று டன்கர்க் துறைமுகத்துக்கு முன்னால் டாங்கிகளை நிறுத்திய ஆணை அந்த அச்சத்தின் இன்னொரு முகம். மே 26 முதல் ஜூன் 4 வரை 3,38,226 வீரர்கள் கடல் வழியாகத் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். ஜெர்மன் படையில் பெரும்பகுதி குதிரை வண்டிகளோடு நடந்துதான் வந்தது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கே: தூங்காமல் ஓட ஜெர்மன் வீரர்கள் மாத்திரை விழுங்கினார்கள் என்பது மெய்யா?
– வாசகர், பெங்களூரு

ப: மெய். பெர்வித்தின் என்ற மெத்தாம்ஃபெட்டமின் மாத்திரையும் அதை ஒத்த இன்னொன்றுமாக, 1940 ஏப்ரல் முதல் ஜூலை வரை 3.5 கோடிக்கும் மேற்பட்டவை தரைப்படைக்கும் விமானப்படைக்கும் வழங்கப்பட்டன. ஆனால் அந்த மாத்திரைதான் வென்றது என்று சிலர் எழுதுவதை ஏற்பதற்கில்லை. எதிரே ஒரு கையிருப்புப் படை நின்றிருந்தால் மாத்திரை அதை விலக்கியிருக்காது.

கே: பிரெஞ்சு வீரர்கள் போரிடாமலே சரணடைந்தார்கள் என்று கேலி பேசுகிறார்களே?
– வாசகர், சேலம்

ப: கேலி பேசுவோர் எண்களைப் பார்ப்பதில்லை. ஆறு வாரத்தில் இறந்த பிரெஞ்சு வீரர்கள் சுமார் 60 ஆயிரம் என்பது அண்மைக் கணக்கு; பழைய கணக்கு 90 ஆயிரத்துக்கும் மேல். ஸ்டோன் கிராமம் மூன்று நாளில் 17 முறை கைமாறியது. லீல் நகரில் சூழப்பட்ட பிரெஞ்சுப் படைகள் மே 31 வரை தாக்குப்பிடித்து ஏழு ஜெர்மன் டிவிஷன்களை அங்கேயே கட்டிப்போட்டிருக்காவிட்டால், டன்கர்க்கில் கப்பலேறியவர்கள் அத்தனை பேர் இருந்திருக்க மாட்டார்கள். அவர்களின் மரியாதை அணிவகுப்போடு கூடிய சரணடைவை ஜெர்மன் தளபதியே அனுமதித்தார். ஜூன் 5க்குப் பிறகு சொம், ‘என்’ ஆகிய ஆறுகளின் ஓரம், கமெலினின் இடத்துக்கு வந்த தளபதி வெய்கான் நிறுத்திய ஏறத்தாழ 60 டிவிஷன்கள், தங்களைவிட மிகப் பெரிய படையை எதிர்த்துச் சில நாள் கடுமையாகவே போரிட்டன. சோமியூர் குதிரைப்படைப் பள்ளியின் பயிற்சி மாணவர்கள், போரை நிறுத்த வேண்டும் என்று புதிய பிரதமர் பெத்தேன் வானொலியில் சொன்ன பிறகும், லுவார் ஆற்றுப் பாலங்களைக் காத்தார்கள். லியோன் அருகே ஷாஸ்லே கிராமத்தில், இறுதிவரை சுட்ட செனகல் துப்பாக்கி வீரர்கள் சுமார் 50 பேரைச் சரணடைந்த பின் தனியே பிரித்து ஜெர்மானியர் சுட்டுக் கொன்றார்கள். ஆப்பிரிக்க வீரர்கள் மீது நடந்த இத்தகைய படுகொலைகள் வேறு ஊர்களிலும் நிகழ்ந்தன. கேலி பேசுவோரின் நினைவில் இவையும் இருப்பதில்லை.

கே: நெதர்லாந்து ஐந்தே நாளில் வீழ்ந்தும் அதன் அரசு லண்டனுக்குப் போய்ப் போரைத் தொடர்ந்தது. வட ஆப்பிரிக்காவும் பெரிய கடற்படையும் கையில் இருந்த பிரான்ஸ் ஏன் அப்படிச் செய்யவில்லை?
– வாசகர், யாழ்ப்பாணம்

ப: இதுவே இந்த முறை வந்த கேள்விகளில் மிகக் கூர்மையானது. ரெய்னோ அந்த வழியைத்தான் முன்வைத்தார்: படை களத்தில் சரணடையட்டும், அரசு வெளியேறி வட ஆப்பிரிக்காவிலிருந்து போரிடட்டும். வெய்கான் மறுத்தார். படை மட்டும் சரணடைந்தால் தோல்வியின் பழி படையின் தலையில் விழும். அரசே போர்நிறுத்தம் கேட்டால் பழி அரசியல்வாதிகளுடையதாகும். படையின் மானம் என்று அவர் சொன்னதற்கு உட்பொருள் இதுதான் என்பது எம் எண்ணம். அப்போது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீட்டைவிட்டுத் தெற்கு நோக்கிய சாலைகளில் இருந்தார்கள். அரசும் பாரிசிலிருந்து தூருக்கும் அங்கிருந்து போர்தோவுக்கும் பெயர்ந்துகொண்டிருந்தது. ஜூன் 14 அன்று ஜெர்மானியர் பாரிசுக்குள் நுழைந்துவிட்டனர். மக்களை விட்டுவிட்டு வெளியேறும் அரசு அரசே அல்ல என்று 84 வயதான பெத்தேன் சொன்னது அந்தச் சூழலில் பலருக்கு நியாயமாகப் பட்டது. ஜூன் 16 அன்று ரெய்னோ விலகினார், பெத்தேன் வந்தார். ஜூன் 22 அன்று, 1918இல் ஜெர்மனி பணிந்த அதே ரயில் பெட்டியில் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர் ஹன்ட்சிகர். செதானைக் காத்திருக்க வேண்டிய படையின் தளபதி அவரே.

கே: இந்தத் தோல்வி புதுச்சேரியை எப்படிப் பாதித்தது?
– வாசகர், காரைக்கால்

ப: ஆளுநர் லூயி போன்வேன் தொடக்கம் முதலே பிரிட்டனோடு சேர்ந்து போரிடும் பக்கம் சாய்ந்திருந்தார்; 1940 செப்டம்பரில் பிரெஞ்சு இந்தியா, போரைத் தொடர்ந்த டி கோலின் சுதந்திர பிரான்சோடு முறையாக இணைந்தது. மனச்சாய்வு ஒருபுறமிருக்க, நிலப்பக்கமெல்லாம் பிரிட்டிஷ் இந்தியா சூழ்ந்த ஊர்களுக்கு வேறு வழியும் இல்லை. அதே மாதம், பெத்தேனின் விஷி அரசோடு இருந்த இந்தோசீனாவுக்குள் ஜப்பானியப் படைகள் நுழைந்தன.

கே: தோல்விக்கு யாரேனும் தண்டிக்கப்பட்டார்களா?
– வாசகர், தஞ்சாவூர்

ப: பெத்தேனின் அரசு 1942 பிப்ரவரியில் ரியோம் நகரில் ஒரு வழக்கு நடத்தியது. முன்னாள் பிரதமர்கள் தலாதியே, புளூம், தளபதி கமெலின் ஆகியோர் அதில் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டனர். ஆய்வு 1936 முதல்தான் தொடங்க வேண்டும் என்று வரம்பு விதித்திருந்தார்கள்; அதனால் பெத்தேன் அமைச்சராக இருந்து படைச் செலவைக் குறைத்த 1934 வெளியே நின்றது. தலாதியேவும் புளூமும் நீதிமன்றத்திலேயே அதைச் சுட்டிக்காட்டி, ஆதாரங்களை அடுக்கி, குற்றம் சாட்டியவர்களையே கூண்டில் ஏற்றிவிட்டார்கள். கமெலின் வாய் திறக்கவில்லை. தோல்விக்கு யார் காரணம் என்று விசாரிக்கிறார்களே தவிர, போரைத் தொடங்கியதற்கு யார் காரணம் என்று விசாரிக்கவில்லையே என்று ஜெர்மானியரும் எரிச்சலடைய, ஏப்ரலில் வழக்கு தீர்ப்பின்றி நிறுத்தப்பட்டது. பிற்பாடு ஜெர்மானியர் கமெலின், அவருடைய இடத்துக்கு வந்த வெய்கான், தலாதியே, ரெய்னோ ஆகிய நால்வரையும் ஆஸ்திரியாவின் இட்டர் கோட்டையில் ஒன்றாகவே சிறைவைத்தனர். 1945 மே 5 அன்று அவர்கள் அங்கே மீட்கப்பட்டபோதும், ஒருவர் மேல் ஒருவருக்கிருந்த மனக்கசப்பு தீர்ந்திருக்கவில்லை.